அக்காவுக்கு ஒதுக்கிய தொட்டி

டீயை முதலில் குடி, ஆறிப்போனால் உனக்குப் பிடிக்காது. தொட்டியிலிருந்து உருவிய அந்த ஐஸ் குச்சியை மேசைமேல் வை. அதில் பென்சிலால் எழுதியிருப்பது என் கையெழுத்துதான், தேதியும் சரிதான். உன் அம்மாவின் லாவெண்டர் புதர் வெட்டுப்பட்ட நாளுக்கு ஏழு வாரம் முந்திய தேதி. வெட்டிப்போட்ட குப்பையிலிருந்து பொறுக்கிப் பிழைக்க வைத்த கன்றுகள் இவை என்று உறவு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். என்ன செய்வது, இருபது வருடம் நூலகத்தில் இருந்தவளுக்குத் தேதி போடாமல் எதையும் அடுக்கி வைக்க வராது.

அந்தச் செடியை அக்காவுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். அவள் புது வீட்டுக்குப் போனபோது உள்ளங்கை அளவு இருந்தது. பதினோரு வருடத்தில் வாசல் வழியை மறிக்கும் புதராகிவிட்டது. நடுவில் பிளந்து, அடியெல்லாம் கட்டை பாய்ந்து, நுனியில் மட்டும் பூ. தபால்காரர் பக்கவாட்டில்தான் உள்ளே வருவார். ஒரு தண்டு கேட்டால் அக்கா தரமாட்டாள். "வெட்டினா செத்துடும்டி, பார்க்கணும்னா இங்க வந்து பாரு" என்பாள். நானும் போவேன். வாரா வாரம் நான்தான் போவேன். நாலு தெரு தள்ளியிருக்கும் என் வீட்டு மணியை அந்தப் பதினோரு வருடத்தில் அவள் ஒரு தடவைகூட அடித்ததில்லை. அது எனக்கு வலித்தது. யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

தண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்தேன். அவள் டீ போட உள்ளே போகும் நேரத்தில், பூ விடாத இளந்தண்டாகப் பார்த்து, விரல் நீளத்துக்கு இரண்டோ மூன்றோ. கைப்பையில் ஈரத்துணி இருக்கும். வீட்டுக்கு வந்து கீழ் இலைகளை உருவிவிட்டு, பாதி மணல் பாதி மண்ணில் ஊன்றினேன். முப்பத்திரண்டில் இருபத்தொன்பது வேர் பிடித்தன. பிடித்த பிறகுதான் மற்றதை யோசித்தேன். நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை.

உன் கிளினிக் திறப்புக்கு வந்து உன்னோடு பத்து நாள் தங்கினாளே, அப்போது சாவியை என்னிடம்தான் கொடுத்தாள். வழியை மறிக்கிறது, கொஞ்சம் குறைத்து விடு என்றும் அவளே சொன்னாள். லாவெண்டரில் பச்சை முடியும் இடத்துக்கு மேலேயே கத்தரி நின்றுவிட வேண்டும். கீழே கட்டையில் வெட்டினால் மறுபடி துளிர்க்காது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று அவளிடம் அழுதேன். நன்றாகத் தெரியும். எல்லாக் கிளையையும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, நிதானமாக வெட்டினேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. வழி நல்ல விசாலமாகிவிட்டது.

அவள் ஊர் திரும்பிய அடுத்த சனிக்கிழமை என் வீட்டு மணி அடித்தது. அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்து கன்றுகளையே பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதையாவது காப்பாத்தி வச்சியே" என்றாள். அவளுக்கென்று ஒன்றை ஒதுக்கினேன். வேர் இன்னும் கெட்டிப்படட்டும், அடுத்த வாரம் வா என்றேன். வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். இப்போதெல்லாம் இரண்டு டீ குடிக்காமல் கிளம்புவதில்லை.

நீ பல் டாக்டர், வேரை முகர்ந்ததுமே அழுகல் என்று கண்டுபிடித்துவிட்டாய். லாவெண்டருக்குத் தண்ணீர் கூடினால் ஆகாது. மற்றத் தொட்டிகளுக்கு வாரம் ஒருமுறைதான் ஊற்றுகிறேன். அவளுக்கு ஒதுக்கியதற்கு மட்டும் காலையும் மாலையும். ஒரு கன்று போக ஆறு வாரம் பிடிக்கிறது. இது மூன்றாவது. பாவம், தன் ராசிதான் சரியில்லை என்று அக்கா நம்பத் தொடங்கிவிட்டாள். நானும் ஆறுதல் சொல்கிறேன். இன்னும் இருபத்தாறு இருக்கின்றன, மூன்று வருடத்துக்குக் கவலையில்லை. அதற்குள் நாலைந்து புதராகிவிடும், தண்டு எடுத்துக்கொள்ளலாம்.

அவளிடம் சொல்வதானால் சொல், தடுக்கமாட்டேன். நாளை சனிக்கிழமை, அவள் வந்து போன பிறகு சொல். அக்கா மேல் எனக்கு ஒரு துளி கோபமும் கிடையாது, அவளுக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை.

அந்தக் குச்சியைக் கொண்டுபோய்விடாதே. நாலாவது தொட்டிக்கு வேண்டும்.