கறுப்புக் கண்ணாடிக்காரர் பையில் இருந்த என் போட்டோ

பெயர்: கிறிஸ்டோபர். தகப்பனார் பெயர்: சுவாமிதாஸ். வயது: 29. தொழில்: பந்தல்குடியில் வீடியோ கேசட் வாடகைக் கடை. விலாசம்: மாதா கோவில் தெரு, பரளச்சி. 1989ஆம் வருடம் செப்டம்பர் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, என்னைக் கொலை செய்யச் சதி நடந்ததாக பரளச்சி சங்கையா கொடுத்த தகவலின் பேரில், கொலை செய்யப்பட இருந்தவர் என்ற முறையில் என்னை விசாரிக்க நான் சொல்வதாவது:

நான் மேற்படி விலாசத்தில் என் தகப்பனார், தாயார் சூசையம்மாள் ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். இருவரும் தற்சமயம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போயிருக்கிறார்கள், வீடு பூட்டியிருக்கிறது. தூத்துக்குடி ரோட்டின் மேல் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டலுக்குப் பக்கத்தில் என் கடை உள்ளது. லைசன்ஸ் உண்டு. விசேஷ வீடுகளுக்கு டெக்கும் டி.வி.யும் நானே கொண்டுபோய்ப் படம் போட்டுக் காட்டுவேன். கடையில் எல்லா வகைக் கேசட்டும் இருந்தாலும், நல்ல படமாக ஒன்று கொடு என்று கேட்பவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது சதிப் படங்களைத்தான். அழுவதற்குக் கேசட் எதற்கு, வீடே போதும் என்பது என் கட்சி.

சதிப் படம் என்றால் என்ன என்று சார் கேட்டதால் சொல்கிறேன். வெளியே ஒரு சின்னத் தப்பு நடக்கும். நோண்டிப் பார்த்தால் உள்ளே பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் கூட்டுச் சேர்ந்திருப்பார்கள். கதாநாயகன் சொல்வதை ஒருவரும் நம்ப மாட்டார்கள். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு நான் 'தந்தி வந்த வீடு' கொடுப்பேன். அதில் நடித்த உதயபாரதிக்குச் சண்டை போட வராது, கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும். அதனால்தான் அவருக்கு ஆபத்து என்றால் நமக்குப் பதறுகிறது. அடுத்து 'மேல்மாடியில் ஏழு பேர்', நடிகை ஹேமபாலா. அந்த அம்மாள் பொய் சொல்லும்போதும் சேலைத் தலைப்பைச் சரிசெய்வார், நிஜம் சொல்லும்போதும் சரிசெய்வார், கடைசி வரை பிடி கொடுக்க மாட்டார். நன்றாக ஊறிப்போனவர்களுக்கு மட்டும் 'ரகசியக் கமிட்டி', நடிகர் வேணுதரன். அவர் முகத்துக்குச் சும்மா நின்றாலே சந்தேகம் வரும். எந்தப் படத்துக்கும் முடிவை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை, அது தொழில் தர்மம். 'தந்தி வந்த வீடு' படத்தில் குற்றவாளி யார் என்று சார் இப்போது கேட்டார்கள். இந்த வழக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பதால் சொல்லவில்லை.

சென்ற வருடம் நரிக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் 'மேல்மாடியில் ஏழு பேர்' போட்டேன். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், கொலைகாரன் இன்னார்தான் என்று சொல்லியது. சொன்னது சரியாக இருந்தது. நான் எத்தனையோ ஊரில் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறேன், ஒருவரும் கண்டுபிடித்ததில்லை, முதலில் பார்த்தபோது நானும் ஏமாந்தேன். திரும்பிப் பார்த்தேன். மடியில் யார் வீட்டுப் பிள்ளையையோ தூங்கப் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. விசாரித்ததில் பெயர் ஈவா என்றும், யூனியன் ஆபீஸ் கிளார்க் ஒருவரின் மகள் என்றும், எங்கள் சபைதான் என்றும் தெரிந்தது. எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பவும் பிடித்துப்போயிற்று. இதற்கு முன் எனக்குப் பார்த்த இரண்டு இடங்களில் வீடியோ கடைக்காரன் என்றால் குடியும் கும்மாளமுமாக இருப்பான் என்று சொல்லி வேண்டாம் என்றுவிட்டார்கள். இந்த இடமும் தட்டிப்போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியாது. அதன் பிறகு எங்கள் கோவில் உபதேசியார் மூலம் பேச்சு எடுக்கச் சொல்லி, அருப்புக்கோட்டை ஸ்டுடியோவில் ஸ்டுடியோக்காரர்களுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து, ஒரே ஒரு பிரதிதான் போட்டேன், அதை உபதேசியாரிடம் பெண் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். திரையில் வரைந்த ஏரிக்கு முன்னால் நான் நிற்கும் போட்டோ. பெண்ணின் தகப்பனாரை நான் நேரில் பார்த்ததில்லை.

இப்படி இருக்கையில் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி சங்கையா அண்ணாச்சி வீட்டில் பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து நடந்தது. பகலிலேயே படம் போட வேண்டும் என்று அவர்கள் கேட்டதால், பருத்தி குடோனில் சாக்கைக் கட்டி இருட்டாக்கி, 'தந்தி வந்த வீடு' படத்தைப் போட்டேன். ஊர் மொத்தமும் உள்ளே இருந்தது. அந்தப் படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் ஒரு சின்ன ஊருக்கு வந்து, டீக்கடையில் உட்கார்ந்து, அந்த ஊர் வாத்தியாரைப் பற்றி நைசாக விசாரிப்பான். எப்போது வீட்டுக்கு வருவார், எந்தப் பாதையில் வருவார், கூட யார் வருவார் என்று கேட்பான். ஜனங்கள் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். அவன் பையில் வாத்தியார் கோட்டுப் போட்ட போட்டோ இருக்கும். இடைவேளையில் வாத்தியார் செத்துப்போவார். எங்கள் ஊரில் டீக்கடை வைத்திருக்கும் கருத்தம்மாள் அக்கா அந்த இடத்தில் எழுந்து நின்று, அந்தப் படத்தில் வரும் டீக்கடைக்காரனை வாய்க்கு வந்தபடி ஏசினார். முடிவு வருவதற்குள் பந்தி பரிமாறக் கூப்பிட்டு அவரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

இன்று காலை நான் கடைக்குப் போன பிறகு ஊரில் நடந்ததைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நரிக்குடிப் பக்கமிருந்து வந்த ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கி, கறுப்புக் கண்ணாடியோடு கருத்தம்மாள் அக்கா கடையில் உட்கார்ந்து டீ கேட்டிருக்கிறார். விலைக்கு ஆடு பிடிக்க வந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் கடைக்கு முன்னால் ஒரு மந்தையே போயும் ஒரு ஆட்டைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு, இந்த ஊரில் கிறிஸ்டோபர் என்று ஒரு பையனாமே, எப்படி, ராத்திரி எப்போது வீட்டுக்கு வருவான், நேரே வீட்டுக்கு வருவானா, எங்கேயாவது ஒதுங்குவானா, சேர்க்கை யார் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். கருத்தம்மாள் அக்கா அப்படி ஒரு ஆளே இந்த ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டார். அடுத்து அவர் யார் யாரிடம் கேட்டாரோ அவர்களும் அதையே சொன்னார்கள். அதன் பிறகு அவர் தானாகவே எங்கள் வீட்டைக் கண்டுபிடித்துப் போய், பூட்டிய வீட்டைச் சுற்றிவந்து, கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறார். அந்த இடத்தில் சங்கையா அண்ணாச்சி நாலு பேரோடு போய் அவரை மறித்துப் பையை வாங்கிப் பார்க்க, உள்ளே கோட்டுப் போட்ட என் போட்டோ இருந்தது.

அவரை ஒருவரும் அடிக்கவில்லை. பருத்தி குடோனில் உட்கார வைத்து, மத்தியானம் அண்ணாச்சி வீட்டிலிருந்து சோறும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்திருக்கிறார்கள். கருத்தம்மாள் அக்கா கடையைச் சாத்திவிட்டு வாசலில் காவல் உட்கார்ந்து, எப்படி மாட்டிக்கொண்டாய் என்பது உனக்குத் தெரிய வேண்டாமா என்று சொல்லி, படத்தின் கதையைத் தனக்குத் தெரிந்த மட்டும் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

மத்தியானத்துக்கு மேல் பஸ் கண்டக்டர் மூலம் எனக்கு ஆபத்து என்று தகவல் வந்ததால் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்கு வந்தேன். கருத்தம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏய்யா கிறிஸ்டோபரு, நாங்க வாயத் தொறக்கலய்யா. ஒரு சொல்லு சொல்லல" என்று சொல்லி அழுதுவிட்டார். எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. அதன் பிறகு அண்ணாச்சி போட்டோவை என்னிடம் நீட்டினார். அந்த ஏரியையும் கோட்டையும் பார்த்த உடனே குடோனுக்குள் இருப்பவர் யார் என்று எனக்கு விளங்கிவிட்டது. அவரும் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று சார் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தால் யார் எவர் என்று காட்டிக்கொள்ள மாட்டார்கள். வேறு ஏதோ வேலையாக வந்தது போல் டீக்கடையில் பேச்சுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வந்தது வெளியே தெரிந்து, பிறகு சம்பந்தம் தட்டிப்போனால் பெண்ணுக்குத்தான் பேர் கெடும். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் நான் அவர் பெயரைச் சொன்னால் ஈவாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னதாக ஆகும். அதே காரணத்தால் அவரும், போலீசுக்குப் போவோம் என்று மிரட்டிய பிறகும், ஆடு பிடிக்க வந்ததாகவே சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே அவரைக் கூட்டத்தை விட்டு வெளியே கொண்டுவர வேறு வழி தெரியாமல், போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்விடுவோம் என்று நான்தான் சொன்னேன். ஊரார் சந்தோஷமாக டிராக்டரைக் கிளப்பினார்கள்.

டிராக்டர் டிரெய்லரில் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். கரிசல் தூசி பறந்தது. கண்ணாடியின் ஓரமாகக் கண்ணில் நீர் வடிந்ததைப் பார்த்தேன். கண் ஆபரேஷன் செய்துகொண்டவர் என்று தெரிந்தது. என் தோளில் கிடந்த துண்டை நனைத்து அவரிடம் கொடுத்தேன், கையில் இருந்த குடையை விரித்து அவர் மேல் வெயில் படாமல் பிடித்துக்கொண்டேன். அதைப் பார்த்த சங்கையா அண்ணாச்சி, "ஏலே, ஒன்னக் கொல்ல வந்தவனுக்குக் குடையா பிடிக்க?" என்று என்னைக் கண்டித்தார். நான் குடையை மடக்கவில்லை. என் மனதில் இருந்த பயமெல்லாம் ஒன்றுதான். இவ்வளவு நடந்த பிறகு எந்தத் தகப்பன் பெண் கொடுப்பார்.

ஸ்டேஷனுக்கு வந்த பிறகு, ஊராரை வெளியே வேப்பமரத்தடிக்கு அனுப்பினால்தான் பேசுவேன் என்று நான் சாரைக் கேட்டுக்கொள்ள, சார் அப்படியே செய்தார்கள். அதன் பிறகு நடந்ததைச் சொன்னேன். உடனிருந்தவரும் தன் பெயர் மிக்கேல் என்றும், ஈவாவின் தகப்பனார் என்றும், ஆபரேஷனுக்குப் பிறகு போட்டிருக்கும் கண்ணாடி என்றும், தான் வந்த காரியம் நான் சொன்னபடிதான் என்றும் ஒப்புக்கொண்டார். பகல் முழுக்க அடைத்து வைத்ததற்காக சங்கையா, கருத்தம்மாள் ஆகியோர் மேல் புகார் கொடுக்கிறீர்களா என்று சார் அவரைக் கேட்டார்கள். அவர் கொடுக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால், என் உயிரைக் காப்பாற்ற நினைத்தவர்கள் என்னால் கேஸில் மாட்டுவார்கள், என் கல்யாணமும் அதோடு முடிந்துபோகும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிக்கேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன் பிறகு சொன்னார்: "இதுக்கு முந்தி ரெண்டு ஊர்ல ரெண்டு பயலுகள விசாரிச்சேன். ஒரு டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள, அவன் குடிக்கிறது, சீட்டாடுறது, அடிச்சது, புடிச்சது எல்லாத்தையும் சொந்தக்காரனே சொல்லிப்புட்டான். இந்த ஊர்ல இந்தத் தம்பியப் பத்தி ஒரு சொல்லு வாங்க முடியல. அப்படி ஒரு ஆளே இல்லங்காக. எனக்குப் புகாரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

ஊருக்கு என் மேல் இருந்த பிரியமா, அந்தப் படம் செய்த வேலையா என்று சார் கேட்டார்கள். இரண்டும் என்று எழுதிக்கொள்ளலாம்.

அதன் பிறகு சார் வெளியே போய், இது ரகசிய விசாரணை, யாரும் இதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று ஊராரிடம் சொன்னார்கள். அவர்களுக்கு முழுத் திருப்தி. தனக்கு முதலிலேயே தெரியும் என்று கருத்தம்மாள் அக்கா சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது.

மிக்கேல் பையை எடுத்துக்கொண்டு போட்டோவைப் பத்திரமாக உள்ளே வைத்தார். நான் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று சொன்னேன். அவர் பின்வாசல் வரை போனவர் திரும்பி வந்து, கருத்தம்மாள் கதையைப் பாதியில் விட்டுவிட்டார் என்று சொல்லிவிட்டு, என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "மாப்ளே, படத்துல அந்த டாக்டர்தான கடைசில மாட்டுறான்?"

மாப்ளே என்ற சொல்லை நான் சரியாகத்தான் கேட்டேனா என்று தெரியாமல் சாரைத் திரும்பிப் பார்த்தேன். கேட்டது சரிதான் என்று சார் தலையை ஆட்டினார்கள். ஆனாலும் நான் முடிவைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டெக்கும் கேசட்டுமாக நரிக்குடிக்கு வருவதாகவும், இடைவேளைக்கு முன்பே அவர் மகளே குற்றவாளியைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும் என்றும் மட்டும் சொன்னேன்.

எனக்கு யார் மேலும் புகார் இல்லை. இதைப் படித்துக் காட்டும்போது ஈவா பெயர் வரும் இடங்களைத் தணிந்த குரலில் படிக்கக் கேட்டுக்கொண்டேன், வேப்பமரத்தடியில் இன்னும் ஆள் நிற்கிறது. அவ்வாறே படிக்கக் கேட்டேன். நடந்தது நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறேன், எல்லாம் உண்மை.

(ஒப்பம்) சு. கிறிஸ்டோபர்

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது. குற்றவாளி யார் என்று மறுபடியும் கேட்டதற்கு, வாக்குமூலம் கொடுத்தவர் சிரித்துக்கொண்டு, கேசட் அடுத்த செவ்வாய்க்கிழமை கடைக்குத் திரும்பி வந்துவிடும், எடுத்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

(ஒப்பம்) சப்-இன்ஸ்பெக்டர்