கழுத்துல இருந்தது அழுக்கில்ல

உக்காருங்க சம்பந்தியம்மா. கதவு பூட்டியிருக்கு. நீங்க தட்டினது கேட்டுச்சு, கொஞ்சம் பொறுங்க. கல்யாணப் பொண்ணைக் கொழுக்க வைக்கிற அறை, பெத்த அப்பன் நானே உள்ள போக முடியாது.

சட்டியில என்ன, கீரைக் குழம்பா? மூடியே வைங்க. பனையெண்ணெய் வாசனை வந்தாலே எனக்குக் குமட்டுது. மூணு மாசமா இந்த வாசல்ல உக்காந்து நான் கேட்டதெல்லாம் என் மக இக்வோ ஓங்கரிக்கிற சத்தம்தான். கக்கினா, கக்கினதுக்கும் சேத்து இன்னொரு உருண்டை களி. நீங்க வர்றப்பல்லாம் அவ கையைக் கிள்ளிப் பாத்துட்டு, இன்னும் சதை பத்தலன்னு சொல்லிட்டுப் போவீங்க. காலபார் சந்தையில ஆட்டைக்கூட அப்படிக் கிள்ளமாட்டாங்க.

கழுத்தா? அதைத்தான் சொல்ல வந்தேன். கறுப்பா அழுக்குப் படிஞ்சிருக்குன்னு எலுமிச்சம்பழமும் மணலும் போட்டுத் தேச்சீங்களே. தோல் உரிஞ்சு ரத்தம் கசிஞ்சுது, கறுப்பு போகல. போகாதும்மா. அது அழுக்கில்ல.

சர்ச்சுல கல்யாணத்துக்கு முன்னாடி ரத்தம் பாத்துச் சீட்டு கேக்குறாங்கல்ல, அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க இருந்த டாக்டரம்மா அவ கழுத்தைத்தான் பாத்தாங்க. நாளைக்கு வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்கன்னாங்க. இந்த வீட்ல வெறும் வயிறு! விடியறதுக்கு முன்ன, திருடன் மாதிரி பெத்த பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன். இடுப்பை அளந்தாங்க, பிரஷர் பாத்தாங்க, ரத்தத்துல ரெண்டு வகைக் கொழுப்பு, சர்க்கரை. அஞ்சுல மூணு கெட்டிருந்தாலே அதை ஒரு நோயாத்தான் எழுதுவாங்களாம். இவளுக்கு நாலு கெட்டிருக்கு.

உடம்புல இன்சுலின் கூடிப்போச்சாம். இன்சுலின்னா என்னவா? சர்க்கரையை உள்ள விடுங்கன்னு உடம்போட கதவைத் தட்டுற ஆளுன்னு வச்சுக்கங்க. ஓயாம தட்டினா உள்ள இருக்கிறவன் காதுலயே போட்டுக்க மாட்டான். அப்புறம் இன்னும் பத்து ஆளு வந்து தட்டுவான். அந்தக் கூட்டம் கூடிப்போனதுலதான் கழுத்து கறுக்குதாம்.

சூனியமெல்லாம் இல்ல. வம்சத்துலயும் கொஞ்சம் இருக்கலாமாம், மிச்சம் நாம ஊட்டினது. இப்பவே நிறுத்தி, நல்லா நடக்க விட்டா சரியாகும்னாங்க. இல்லேன்னா சர்க்கரை நோய்ல கொண்டுபோய் விடும், பிள்ளை தங்கறதும் கஷ்டம்னாங்க.

தெரியும், இளைச்ச பொண்ணை ஊர் முன்னால நிறுத்தினா உங்க வீட்டுக்கு அவமானம். மாப்பிள்ளை எஃபியோம்கிட்டயே சொல்லிப் பாத்தேன். அம்மாவைக் கேளுங்கன்னு உங்களைக் கை காட்டிட்டாரு. கட்டிக்கப் போறவரு சொல்ற பதிலா அது? காறித் துப்பணும் போல இருந்துச்சு.

நானா? கடிகாரத்தை சும்மாதான் பாத்தேன். எப்பவும் இவ்வளவு பேசமாட்டேன், தெரியுமே உங்களுக்கு.

தட்டணுமா? தட்டுங்க. பலமாவே தட்டுங்க. ஊயோ டவுனுக்குப் போற வண்டி இந்நேரம் பாலத்தைத் தாண்டியிருக்கும். இக்வோவும் அவ அம்மாவும் அதுலதான் போறாங்க. சாவி என்கிட்டதான் இருக்கு, இந்தாங்க. உள்ள உங்க சட்டிங்கதான் அடுக்கியிருக்கு. போறப்ப இதோட சேத்து எடுத்துட்டுப் போயிருங்க.