உளுந்து மூட்டையும் உள் ரூமும்

பாபநாசம் தாண்டியும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கண்டக்டர் வேறு, உள்ளே போ, உள்ளே போ என்று உயிரை எடுத்தார். நான் நின்ற இடத்தை ஒட்டிய சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும். அவள் ஏதோ லேபில் வேலை பார்க்கிறாள். லீவுக்கு ஊருக்குப் போகிறாள்.

“எலியைக் குழாய்க்குள்ள விட்டு, மூக்கு மட்டும் தெரியுற மாதிரி வச்சு, நாலு மணி நேரம் கெமிக்கல் காத்தைச் சுவாசிக்க விடுவோம். நான் மூச்சை எண்ணி எழுதணும். அப்புறம் பதினாலு நாள் பாப்போம்.”

“பதினாலு நாளும் பொழைச்சுக் கெடந்தா விட்டுருவீங்களா?”

“இல்லண்ணே. அறுத்துப் பாப்போம்.”

அண்ணன் சிரித்தான். “அப்பா இவ்வளவு மெனக்கெட மாட்டாரு. உளுந்துல வண்டு விழுந்துருச்சுன்னு நேத்து மூட்டைக்குள்ள மாத்திரை போட்டாரு. அதுலேர்ந்து வர்ற காத்து வெளிய போயிரக்கூடாதுன்னு ஜன்னல்ல சாக்கைத் திணிச்சிருக்காரு.”

“எந்த ரூம்ல?”

“உள் ரூம்ல. அவரும் அங்கதான் படுக்குறாரு. பேன் அங்கதான இருக்கு?”

“அந்தக் காத்து விஷம்ண்ணே!”

அப்பாவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“காலையிலேர்ந்து ரெண்டு தடவை வாந்திம்மா. பழையசோறு ஒத்துக்கல போல. படுத்திருக்கேன்.”

“உடனே எந்திரிச்சு வாசலுக்கு வாங்கப்பா. கதவை நல்லாத் திறந்து போட்டுட்டு வாங்க.”

“திறந்தா மாத்திரை வீணாப் போயிரும்மா.”

“போகட்டும்ப்பா!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அண்ணன் தன் போனில் ஆம்புலன்ஸுக்கு ஊர்ப்பேரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“வாசலுக்கு வந்துட்டேம்மா.”

“பேசாதீங்க. போனை வாய்கிட்ட வச்சு மூச்சு மட்டும் விடுங்க.”

கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் எண்ண ஆரம்பித்தாள்.