எத்தெல்வீனா வீட்டு ஆள்

ஹலோ... ஹலோ, யாரு?... ஆமா, எத்தெல்வீனாதான் பேசறேன். சத்தமாப் பேசுங்க, கல்லு உருட்டற சத்தத்துல ஒண்ணும் கேக்கல... ஓ, ஸ்பானிஷ் ஸ்கூல் டைரக்டரா! சொல்லுங்க ஃபெர்மின் சார்... எங்க நிக்கறீங்க?... பாலத்துகிட்டயா? அதுக்கு மேல கார் வராது சார். போன வார மழையில சுவரு சரிஞ்சு பாதை பூரா கல்லு... ஆமா, ஆமா... ஹாரன் அடிச்சது நீங்கதானா? அடிக்காதீங்க, மாடு மிரளுது.

...

என்கிட்ட தங்க விட்ட பொண்ண, சிக்னேயக் கூட்டிட்டுப் போகவா? இன்னிக்கேவா?... பெட்டி படுக்கையோடவா?...

பெட்டி நான் கட்டித் தரமாட்டேன். ... கோபமெல்லாம் இல்ல. கட்டித் தரமாட்டேன், அவ்வளவுதான். கால் ஒடிஞ்சு கட்டுப் போட்டு ஜன்னலோரம் உக்காந்திருக்கேன், மாடிப்படி ஏற முடியாது... ஏற முடிஞ்சாலும் மாட்டேன்!

... பரீட்சைக்கு வரல. தெரியும். ... வாய்மொழிப் பரீட்சை, தெரியும், தெரியும். ... நான் தடுத்தேனா! சார், வாய் இருக்குன்னு பேசாதீங்க. காலையில 'பஸ் போயிடும், கிளம்புடி'ன்னு கத்தினது நான். பாதை வேலைக்குப் போயிடக் கூடாதுன்னு அவ பூட்ஸ எடுத்து என் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சதும் நான். அவ என்ன பண்ணா தெரியுமா? செத்துப்போன என் வீட்டுக்காரர் பூட்ஸுல காலுறையத் திணிச்சு, மாட்டிக்கிட்டுப் போயிட்டா. ... போன எடுக்கலையா? எப்படி எடுப்பா, போன் இங்க மேஜை மேல கிடக்கு. ... அவளா? பாலத்துலேர்ந்து மேல பாருங்க. பாதை திரும்பற இடத்துல, சிவப்புத் தொப்பி, கையில மண்வெட்டி... ஆமா. உங்க டென்மார்க் மாணவிதான்.

... கூலி வேலையா? இதுக்கு யாரு கூலி குடுக்கறது! இது செஸ்தஃபேரியா சார். மாட்ரிட்காரர், உங்களுக்கு எங்க தெரியப் போகுது. ஊர்ப் பாதைய ஊரே சேந்து சரிபண்றது. வீட்டுக்கு ஒரு ஆள் வரணும். ... வெள்ளிக்கிழமைன்னா வெள்ளிக்கிழமைதான், உங்க பரீட்சைக்காக மாத்த மாட்டாங்க. ... முனிசிபாலிட்டியா? பண்ணும், பண்ணும். என் சவப்பெட்டி இந்தப் பாதையில போனப்புறம் வந்து பண்ணும்.

... இருங்க, முழுசாக் கேளுங்க. நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இந்த வீட்டுக்கு ஆள் இல்லன்னு ஆனதே கிடையாது. இன்னிக்கு ஊர்த் தலைவர் பெலார்மீனோ ஒவ்வொரு வீடாக் கூப்பிடறான். 'எத்தெல்வீனா வீடு'ன்னான். எனக்கு மானமே போன மாதிரி ஆயிடுச்சு. ஜன்னல் வழியாக் கேட்டுட்டு என்ன பண்ண முடியும்? அப்ப ஒரு குரல், 'இருக்கேன்'னு. ... ஆமா சார், அவதான். கிளாஸுல வாயே திறக்கலன்னு அவங்க அப்பாவுக்கு எழுதிப் போட்டீங்களே, அவதான்.

... பெலார்மீனோ 'விருந்தாளி கணக்குல சேராது'ன்னுட்டான். அவனுக்கு இவ மேல பழைய கடுப்பு. வந்த புதுசுல அவன் வீட்டு ஆப்பிள்ல இறக்கின சைடர் ஊத்திக் குடுத்தான், இவ கைக்குட்டைய எடுத்து டம்ளரத் துடைச்சுட்டா! ... சிரிக்காதீங்க. இங்க எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான். குடிச்சவன் கடைசி வாய் மிச்சம் வெச்சு, தான் வாய் வெச்ச பக்கமாவே தரையில வீசிட்டு அடுத்தவனுக்குக் குடுப்பான். கழுவறதுன்னா அதுதான். அதத் துடைச்சா, உன் வாய் நாறுதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி. அன்னிலேர்ந்து அவளுக்கு ஒரு சொட்டு ஊத்தல அவன்.

இன்னிக்கு விட்டாளா? 'நான் அந்த வீட்டுல தூங்கறேன், அந்த வீட்டு அடுப்புக்கு விறகு பொளக்கறேன், நான் சேர மாட்டேன்னு சொல்ல நீ யாரு?'ன்னு ஊரு முன்னாடி பிடிபிடின்னு பிடிச்சுட்டா. ... தப்புத் தப்பாத்தான், இல்லேங்கல. நடுநடுவுல டேனிஷ்ல வேற திட்டினா. ஆனா நிறுத்தல சார்! 'உனக்கு மீசை மட்டும்தான் பெருசு'ன்னா பாருங்க, அவன் பொண்டாட்டியே கை தட்டிட்டா. அப்புறம் வேலைக்கு நடுவுல முதல் டம்ளர அவனே இவளுக்கு ஊத்தினான். மடக்குன்னு குடிச்சு, மிச்சத்த வீசினா. பாதி அவன் பூட்ஸ் மேல. அவன் அதத் துடைக்காமலே அடுத்த ஆளுக்கு ஊத்தினான்.

வாய்மொழிப் பரீட்சை வேணும்னா அதுதான். மார்க்கு போட்டுக்குங்க!

... என்னது?... கிராமத்துப் பேச்சா? ஆமா, என்கிட்டதான் கத்துக்கிட்டா. இப்ப என்னங்கறீங்க? ... ம்... ம்... அவங்க அப்பாவுக்குச் சுத்தமான ஸ்பானிஷ் வேணுமாம். ஓவியேதோ டவுன்ல ஒரு டாக்டர் வீட்டுல தங்க வைக்கணுமாம். ...

சரி. ... சரி சார். நான் முடிவு பண்ண முடியாது, ஒத்துக்கறேன். நீங்களும் முடிவு பண்ண முடியாது. ... ஒளிக்காம சொல்லிடறேன், அவ போறது எனக்குப் பிடிக்கல. இந்த வீட்டுல ரேடியோ மட்டும்தான் பேசிட்டிருந்துது. இப்ப சூப்புல உப்பு ஜாஸ்தின்னு சண்டை போட ஒரு ஆள் இருக்கு. ... அவ வாயால போறேன்னு சொல்லட்டும், மறிக்க மாட்டேன். அழுவேன், அது என் பாடு. இருங்க, கேக்கறேன்.

சிக்னே!... அடியே சிக்னே! இங்க மேல பாரு! டைரக்டர் வந்திருக்காரு! உன்ன ஓவியேதோவுக்கே கூட்டிட்டுப் போறாராம்! போறியா?... என்ன?... காதுல விழல, கத்து!...

...

சார்... கேட்டுதா?... ஊருக்கே கேட்டுது, உங்களுக்குக் கேக்கலையா? 'எங்க வீட்டுப் பங்கு இன்னும் முடியல, எங்கயும் வரமாட்டேன்'ங்கறா. ... ஆமா, அழறேன், அதுக்கென்ன இப்ப?

... அவங்க அப்பாகிட்ட என்ன சொல்றதா? அவ சொன்னதையே சொல்லுங்க. ... நேர்ல பேசணுமா? தாராளமாப் பேசுங்க. ஆனா கை வீசிக்கிட்டு ஏறி வர இன்னிக்கு எங்க பாதையில யாருக்கும் வழி கிடையாது. ... யாரு வர்றான்?... பெரிய மீசையா? அது பெலார்மீனோ. கையில ரெண்டு மண்வெட்டியா?... ஒண்ணு உங்களுக்குத்தான். ... கோட்டக் கழட்டி கார்ல போடுங்க. ... இல்ல சார், சும்மா வாங்குங்க. ஒத்தக் கையால அதப் பிடிக்க முடியாது. நான் போன வெச்சுடறேன்.