செவ்வாய்க்கிழமை போட்ட பேர்

எழுத்து கோணலாத்தான் வரும். பொறுத்துக்கணும். பாதிரியார் பள்ளிக்கூடத்துல மூணாம் புத்தகம் வரைக்கும்தான் படிச்சேன். சிலது மறந்தும் போச்சு. சத்தம் மட்டும் மறக்கல.

ஓடுறோம். ஹல்துமுல்லையில இருந்து பலாங்கொடைப் பக்கம் இறங்குற ரோடு. வைகாசி கடைசி செவ்வாய்க்கிழமை. வெயில் இன்னும் உச்சிக்கு வரல. பின்னால கடைத்தெரு எரியுது. சீமையில பெரிய சண்டை நடந்த காலம் அது. இங்க இலங்கையில சிங்கள ஆளுங்க சோனகர் கடைகளை உடைச்சாங்க, கொளுத்தினாங்க. அடக்குறதுக்கு அரசாங்கத்துத் துப்பாக்கிக்காரங்க வந்தாங்க. நாங்க எந்தப் பக்கமும் இல்ல. ரோட்டுல போன ஆளுங்க.

என் புருஷன் சவரிமுத்து கையில ஒரு கோழி. என் கையில நல்லெண்ணெய் போத்தல். மகள் கீழ்த் தோட்டத்துல பிள்ளை பெத்து ஒம்பது நாள். அவளைப் பார்க்கத்தான் போறோம்.

"ஓடாதே! படு! படு!"

யாரோ கத்துறாங்க. நான் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள விழுந்தேன். அவர் விழல. கோழியோட கையைத் தூக்கினார். கொள்ளையடிச்ச கோழின்னு நினைச்சாங்களோ என்னவோ.

டப். டப். கொஞ்சம் நின்னு இன்னொண்ணு. மூணு. பிறகு கோழி கத்துற சத்தம். ரொம்ப நேரம்.

முந்தியே விழுந்து கிடந்தவங்களையும் சேர்த்து நாலு பேரை வண்டியில ஏத்தினாங்க. அவர் நாலாவது. கால் வெளியில தொங்குச்சு. எங்க புதைச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. மகள்கிட்ட நான் மட்டும் போய்ச் சேர்ந்தேன். வெறுங்கையோட.

அன்னிக்குக் காலையில நடந்ததைச் சொல்லணும். அதுலதான் எல்லாம் இருக்கு. நாங்க தேயிலைத் தோட்டத்துக் கூலிங்க, துரைகிட்ட லீவு கேட்டா கிடைக்காது. எங்களை வேலை வாங்குற கருப்பையா கங்காணி எங்க ஊர்க்காரர். காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுறதுக்கு முந்தி, இவரையும் கூட்டிக்கிட்டு நான்தான் போய்க் கேட்டேன். "அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் இவருக்குப் பேர் போட்டுடுங்க." வேலைக்கு வந்ததா செக்ரோல் புத்தகத்துல பதியுறதை அப்படித்தான் சொல்லுவோம்.

கங்காணி சிரிச்சார். "மச்சான், நீ மலையில நின்னாலும் ஒண்ணுதான், நிக்காட்டியும் ஒண்ணுதான். போயிட்டு வா."

இவர் கோழியைக் காட்டினார். "இதுக்கும் ஒரு பேர் போடுங்க. என்னைவிட நல்லாக் கொத்தும்."

"போடுறேன். துரை முட்டை கேட்டா நீ வந்து போடு."

அவ்வளவுதான். பேர் விழுந்துச்சு. மறுநாள் ஆள் இல்ல. அடுத்த வாரம் 'ஓடிப்போனவன்'னு எழுதிட்டாங்க.

வருஷம் திரும்புச்சு. பதுளையில ஒரு அரசாங்கத் துரை வந்து நஷ்டஈடு விசாரிக்கிறார்னு கேள்வி. கலவரத்துல சேராம செத்தவங்க குடும்பம் போகலாமாம். நடந்தேன். ஹாலிஎலயில ஒரு கடை வாசல்ல படுத்து எழுந்து மறுபடி நடந்தேன். கூட வர ஆள் இல்ல. ரூபாய் கிடைச்சா சரி. ஆனா எனக்கு ஒரு வரி வேணும். சவரிமுத்து குத்தம் செய்யல, ஓடிப்போகல, குண்டு பட்டுச் செத்தார்னு ஒரு வரி.

கிளாக்கர் தோட்டத்துச் செக்ரோலைப் பிரிச்சார். "செவ்வாய்க்கிழமை. சவரிமுத்து. கவ்வாத்து. முழுப் பேர், முழு நாள் வேலை. கெழவி, உன் புருஷன் அன்னிக்கு மலையில தேயிலை வெட்டிக்கிட்டு இருந்திருக்கான். ரோட்டுல செத்தது யாரு, அவன் தம்பியா?"

பின்னால நின்னவங்க சிரிச்சாங்க.

கங்காணியையும் கூப்பிட்டிருந்தாங்க. தலைப்பாகையைக் கழட்டிக் கையில வச்சிருந்தார். என்னைப் பார்க்கல. பொய்ப் பேர்னு நான் சொன்னா அவரைத் தோட்டத்தை விட்டே இறக்கிடுவாங்க. அஞ்சு பிள்ளைங்க. நான் கேட்டுப் போட்ட பேர். எனக்கு நாலு பேர் முன்னால எப்பவும் வாய் வராது. அன்னிக்கும் வரலைன்னுதான் எல்லாருக்கும் சொன்னேன். வந்துச்சு. நான்தான் விடல.

திரும்பி நடந்தேன்.

மகள் பிறகு மாப்பிள்ளையோட கப்பலேறி ஊருக்குப் போயிட்டா. கங்காணி வீட்டுல இருந்து மாசாமாசம் ஒரு படி அரிசி வரும். அவரே கொண்டாந்து வாசல்ல வச்சிட்டுப் போவார். அரிசி வந்துச்சு. பேச்சு வரல. அத்தனை வருஷமும்.

போன மாசம் கங்காணி செத்துட்டார். பிள்ளைங்க தலையெடுத்து வேற இடம் போயாச்சு. இனி யாரையும் இறக்க முடியாது. அதான் எழுதுறேன்.

போனது இவ்வளவு. என் புருஷன் ஒருத்தர். அவரோட மூணு பேர். அவங்க பேர் தெரியாது. ஒருத்தர் கால்ல புதுச் செருப்பு இருந்துச்சு. அவர் போர்த்தியிருந்த கம்பளி ஒண்ணு. எண்ணெய் போத்தல் ஒண்ணு. நாங்க குடியிருந்த லயத்து அறையில பாதி, அதுல வேற குடும்பத்தை விட்டுட்டாங்க. கோழி என்ன ஆச்சுன்னு தெரியாது. கவ்வாத்துக் கத்தி மட்டும் சுவத்துல இருக்கு. அன்னிக்கும் அது சுவத்துலதான் இருந்துச்சு.

பழைய செக்ரோலை எங்கயாவது அடுக்கி வச்சிருப்பாங்க. படிச்சவங்க யாராவது தேடிப் பாருங்க. வைகாசி கடைசிச் செவ்வாயா, அதுக்கு முந்தினதான்னு எனக்கே இப்ப சந்தேகம். நான் தப்பாச் சொல்லியிருந்தா திருத்துங்க. அவர் பேர் இருக்கும். முழுப் பேர். அவர் அன்னிக்கு வேலைக்கு வரல. அதை அடிச்சிடுங்க.