கொட்டை பறந்த கண்காட்சிக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் உண்டா?

தலைமை நாற்காலியில் இடம் மிச்சமின்றி நிறைந்து வீற்றிருக்கும் எங்கள் மெட்கோவாட்ஸ் நகராட்சித் தலைவர் அவர்களே, ப்ளம் சாராயமான ராக்கியா காய்ச்சும் செப்புக் கொப்பரைகளுக்கெல்லாம் காலையில் ஆசி வழங்கி, ஆசி பலித்ததா என்று ஒவ்வொரு கொப்பரையிலும் சுவைத்தும் பார்த்துவிட்டு வந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, செம்பைத் தட்டிச் செல்வம் சேர்த்த கொப்பரைக்காரர்களே, பீப்பாய் வளைத்துப் பேர் வாங்கியவர்களே, ப்ளம் தோட்டம் போட்டவர்களே, அடுத்தவர் போட்ட தோட்டத்தின் வேலியை ஒரு முழம் உள்ளே நகர்த்தியவர்களே - மிலோராட், திரும்பிப் பார்க்காதே, உன்னைத்தான் - பெரியோர்களே, பெற்ற தாய்மார்களே, முன்வரிசையில் பேனாவைத் திறந்து வைத்திருக்கும் வெளியூர்ச் செய்தியாளர்களே, மேடையின் இடக்கோடியில் ராக்கியாவைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் பல் மருத்துவர் தீஹோமீர் அவர்களே, உங்கள் அத்தனை பேருக்கும் இந்த ஸ்தாமெனாவின் பணிவான வணக்கம்.

மேடையில் இருப்பவர்கள் நாற்காலிக்கு அடியில் இருப்பதைக் காலால் தட்ட வேண்டாம். அது எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. யார் இந்தப் பல் மருத்துவர் என்று ஓரத்தில் கேட்கிறார்கள். சொல்கிறேன். நம்முடைய கொப்பரைக் கண்காட்சியை இணையக் கலைக்களஞ்சியத்திலிருந்து எடுத்தெறியச் சொன்னவர் இவர்தான். நான் அழைத்துத்தான் வந்திருக்கிறார். கையை இறக்குங்கள். இறைச்சிக்கடைக்காரரே, நீங்களும் உட்காருங்கள். முழுதும் கேட்டுவிட்டு அடிக்கலாம்.

சென்ற குளிர்காலத்தில் நம் நூலகத்து யசென்கா, என் கொழுந்தன் மகனைக் கட்டிக்கொண்டு வெளியூரிலிருந்து வந்த பெண், அந்தக் கலைக்களஞ்சியத்தில் நம் கண்காட்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். எப்படி எழுதினாள்? உலகப் புகழ் பெற்ற கண்காட்சி என்று எழுதினாள். ஒப்பற்ற கண்காட்சி என்று எழுதினாள். உயரிய, உன்னத, உவமையற்ற என்று உகரத்தில் எத்தனை சொல் உண்டோ அத்தனையும் எழுதினாள். ஊரே வாசித்தது. ஊரே உருகியது.

சில நாளில் அந்தக் கட்டுரையின் தலையில் ஒரு பலகை முளைத்தது. இது நிற்கத் தகுந்ததுதானா, ஒரு வாரம் பேசி முடிவு செய்வோம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே யாரும் சொந்தப் பெயரில் உலவுவதில்லையாம். அவர் வைத்துக்கொண்ட பெயர் சாம்பல் கொக்கு, இருக்கும் ஊர் நோவி சாத் என்று மட்டும் போட்டிருந்தார். ஆம், அதோ தண்ணீர் குடிக்கிறாரே, அதே கொக்கு.

ஊர் பொறுத்ததா? பொறுக்கவில்லை. வாக்கெடுப்பு என்று நினைத்துவிட்டது. இறைச்சிக்கடைக்காரர் போய், இதைவிடப் பெரிய கண்காட்சி உலகத்தில் இல்லை, இல்லை என்பவன் என் கடைக்கு வந்து சொல்லட்டும் என்று எழுதினார். தீயணைப்புப் படையின் வாத்தியக் குழு மொத்தமாகப் போய் எழுதியது. இறந்து மண்ணுக்குள் போன ஸ்வெதோஸார் பெயரிலும் யாரோ எழுதினார்கள். உயிரோடு இருந்தபோது கையெழுத்துக்கே கட்டை விரலை நீட்டிய மனிதர், மேலே போனபின் ஒரு பக்கம் எழுதிவிட்டார். நம் தலைவர் அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார். கொக்குக்கு ஒரு பன்றித் தொடையும் ஒரு புட்டி பழைய ராக்கியாவும் அனுப்ப முகவரி கேட்டார்.

கொக்கு என்ன பதில் போட்டது? கோபப்பட்டதா? இல்லை. திட்டியதா? இல்லை. இது வாக்கெடுப்பு அல்ல, ஆயிரம் பேர் வந்தாலும் ஆதாரம் ஒன்றுக்கு ஈடாகாது, அன்புக்கு நன்றி, நான் குடிப்பதில்லை என்று எழுதியது.

குடிப்பதில்லை. மெட்கோவாட்ஸ்காரர்களைப் பார்த்து ஒரு மனிதன் சொல்லக்கூடிய சொல்லா அது? அன்று இரவு ஊரில் பாதிப் பேர் தூங்கவில்லை.

மறுநாள் யசென்கா என் சமையற்கட்டுக்கு வந்தாள். வந்தவள் அழாத குறை.

"பெரியத்தை, நம்மளப் பத்தி நாமளே சொன்னா செல்லாதாம். நம்ம துண்டுச்சீட்டு, நம்ம சுவரொட்டி, நம்ம தலைவரு பேச்சு, எதுவும் செல்லாதாம். சம்பந்தமே இல்லாத வெளியாளு, தானா வந்து, விரிவா எழுதியிருக்கணுமாம்."

"சம்பந்தம் இல்லாதவன்னா?"

"நம்ம காசு வாங்காதவன். நம்ம வீட்ல சாப்பிடாதவன்."

"இந்த ஊருக்கு வந்து சாப்பிடாம எவன்டி திரும்பியிருக்கான்?"

"அதத்தான் ஊரெல்லாம் கேட்டுட்டு வர்றேன். கேட்டா எல்லாரும் கூரையப் பாக்குறாங்க. பீப்பாய்க்காரரு இருமுறாரு. அருட்தந்தை சிலுவை போட்டுக்கிட்டுக் கதவச் சாத்துறாரு. அப்படி என்னதான் நடந்துச்சு அத்தை இங்க?"

நான் முட்டைக்கோசை நறுக்கிக்கொண்டே இருந்தேன். இன்னும் மெல்லியதாக நறுக்கினேன்.

ஏன் ஊரே கூரையைப் பார்த்தது? என்னைப் பார்க்கப் பயந்து கூரையைப் பார்த்தது. ஏனென்றால் அப்படி ஓர் ஆள் வந்திருந்தான். ஒரே ஓர் ஆள், சாப்பிடாமல் திரும்பிய ஆள். ஒப்ரென் என்று பெயர். பெல்கிரேட் செய்தித்தாள்காரன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் நடந்த கண்காட்சிக்கு வந்தான்.

அந்த ஆண்டுதான் என் கணவர் வுகோமான், தம் கையால் செய்த கொட்டை எடுக்கும் இயந்திரத்தை மேடைக்கு எதிரே கொண்டு வந்து நிறுத்தினார். மேலே ப்ளம் பழத்தைக் கொட்டினால் கீழே சதை ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். குளிர்காலம் முழுதும் குடும்பத்தை மறந்து செய்த இயந்திரம். என் தையல் இயந்திரத்தின் சக்கரமும் அதற்குள் போயிருந்தது. விசையைப் போட்டார். சதை வந்தது. ஆகா என்றது கூட்டம். கொட்டையும் வந்தது. வந்தது என்றா சொன்னேன்? பறந்தது. ஆலங்கட்டி மழை வானத்திலிருந்து விழும், இது தரையிலிருந்து எழுந்தது. பெல்கிரேடிலிருந்து வந்திருந்த வேளாண்மைத் துறைப் பெரியவரின் தொப்பி போயிற்று. வாத்தியக் குழுவின் பெரிய முரசு கிழிந்தது. கொப்பரை மூடியைத் தூக்கிப் பிடித்தவர்கள் பிழைத்தார்கள். ஒப்ரெனுக்கு மூடி கிடைக்கவில்லை. நெற்றியில் வாங்கினான்.

வாங்கியவன் சும்மா போனானா? இரண்டு பக்கம் எழுதினான். ப்ளம் பழத்தின் பழிவாங்கல் என்று தலைப்பு. கேலிக்கூத்து என்றான். பைத்தியக்காரத் தகரம் என்றான். சொல் மாறாமல் இன்றைக்கும் ஒப்பிப்பேன். வேண்டாதவன் சொன்னது வேண்டியவர் சொன்னதைவிட நன்றாக நினைவில் நிற்கிறது.

அன்றோடு வுகோமான் அதைத் தார்ப்பாயால் மூடினார். பிறகு ஒவ்வொரு ஆண்டும் கண்காட்சி வாரத்தில் சாச்சாக்கில் இருக்கும் தம் அக்காவைப் பார்க்கப் போனார். அந்த அக்காவை அவருக்குப் பிடிக்காது. அக்காவுக்கும் அவரைப் பிடிக்காது. ஆனாலும் இறக்கும்வரை போனார். அதனால்தான் நான் ஊருக்கு ஒரு சட்டம் போட்டேன். அந்த நாளைப் பற்றி வாய் திறந்தவரோடு எனக்குப் பேச்சு இல்லை. திறந்தவர்கள் உண்டு. பேசாமல் இருக்கிறேன். என் சொந்தத் தங்கை உட்பட.

இப்போது சொல்லுங்கள் தாய்மார்களே. அந்தச் செய்தித்தாளை நானா எடுத்துக் கொடுப்பேன்? செத்தவரை உலகம் முழுதும் பார்த்துச் சிரிக்க நானா சன்னலைத் திறந்து விடுவேன்? கொடுக்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி யசென்காவை முட்டைக்கோசோடு அனுப்பி வைத்தேன்.

வாரம் முடியப் போகிற நாளில் கொக்கு கடைசியாக ஒன்று எழுதியது. யசென்கா தொலைபேசியில் வாசித்தாள். "மெட்கோவாட்ஸில் குறிப்பிடத்தக்கதாக எதுவும் நிகழ்ந்ததாகத் தெரியவில்லை."

எதுவும் நிகழவில்லையா?

அமைச்சகத்துத் தொப்பி பறந்தது நிகழ்ச்சி இல்லையா? முரசு கிழிந்தது நிகழ்ச்சி இல்லையா? ஒரு மனிதர் உயிரைக் கொடுத்து ஒன்றைச் செய்து, ஊர் நடுவில் அவமானப்பட்டு, வேண்டாத அக்காவின் வீட்டில் ஆண்டுதோறும் காய்ந்த ரொட்டி தின்றாரே, அது நிகழவே இல்லையா? கொட்டகைக்குப் போனேன். தார்ப்பாயைத் தூக்கினேன். என் தையல் சக்கரம் என்னைப் பார்த்தது. சிரிக்கப்பட்ட வுகோமான் ஒரு பக்கம், இருந்ததே இல்லாத வுகோமான் மறு பக்கம். சிரிப்பை நான் நாற்பது ஆண்டு சமாளித்தவள். இல்லாமல் போவதை எப்படிச் சமாளிப்பது?

செருப்பை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன்.

"எழுதுடி" என்றேன். பத்திரிகையின் பெயர் சொன்னேன், மாதம் சொன்னேன், தலைப்புச் சொன்னேன். பைத்தியக்காரத் தகரம் என்ற இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. யசென்கா பெல்கிரேட் நூலகத்திலிருந்து அந்தப் பக்கங்களின் படத்தை வரவழைத்தாள். அடுத்த ஆண்டும் கொட்டை பறக்குமா என்று பார்க்க ஹங்கேரியிலிருந்து ஓர் உழவு இதழ் ஆள் அனுப்பியதும், லுப்லியானாவில் ஓர் இயந்திர இதழ் படம் வரைந்து விளக்கியதும் தோண்டத் தோண்டக் கிடைத்தன. நம் விழாக் குழுவினர் பெருமைப்பட்டு வெளியிட்ட மலர்கள் எல்லாம் குப்பை. நம்மைப் பார்த்துச் சிரித்தவர்கள் எழுதியதெல்லாம் தங்கம்.

கொக்கு விட்டதா? விடவில்லை. ஒரு சந்தேகம் கிளப்பியது. நெற்றியில் அடிபட்டவர் சம்பந்தமில்லாதவர் ஆவாரா? நல்ல கேள்விதான். அரை நாள் வாதாடினார்கள். நீஷ் பக்கத்து ஆள் ஒருவர், வரும்போது அவர் அந்நியர்தானே, சம்பந்தம் கொட்டை பட்ட பிறகுதானே ஏற்பட்டது என்று கேட்டார். வேறொருவர், சம்பந்தம் இருந்திருந்தால் அவருக்கு ஒரு மூடி கொடுத்திருப்பார்களே என்று கேட்டார். அந்த வாதம் நின்றது. கட்டுரையும் நின்றது.

கை தட்டுங்கள், ஆனால் இன்னும் முடியவில்லை.

நின்ற கட்டுரையில் கொக்கு கத்தரியை எடுத்துக்கொண்டு இறங்கியது. உலகப் புகழ் பெற்ற என்பதை வெட்டியது. ஒப்பற்ற என்பதை வெட்டியது. உகரம் அத்தனையும் போயிற்று. யசென்கா அழுதாள். நான் சொன்னேன், வெட்டட்டும், கடைசியில் வுகோமானிடம் வரும், அங்கே பார்ப்போம், நோவி சாத்துக்குப் பேருந்து ஓடுகிறது, எனக்குக் கையும் இருக்கிறது என்று. வுகோமானிடம் வந்தது. கேலிக்கூத்து என்பதை வெட்டியது. பைத்தியக்காரத் தகரம் என்பதை வெட்டியது. கருத்துகளுக்கு இங்கே இடமில்லை, நடந்தது மட்டும் போதும் என்று ஓரத்தில் எழுதியது. மிஞ்சியது என்ன தெரியுமா? கேளுங்கள். இன்றைக்கு அங்கே இருப்பது இதுதான்.

"அவ்வாண்டு உள்ளூர்த் தோட்டக்காரரான வுகோமான் தாம் வடிவமைத்த இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். இயந்திரம் கொட்டைகளை நீக்கியது. கொட்டைகள் விருந்தினர் மேடை வரை சென்றன."

இயந்திரம் கொட்டைகளை நீக்கியது.

நாற்பது ஆண்டாக இந்த ஊரில் ஒரு வாய், ஒரே ஒரு வாய், அதைச் சொன்னதா? அழுதவர்கள் சொன்னார்களா? சிரித்தவர்கள் சொன்னார்களா? அவரோடு படுத்து எழுந்த நானாவது சொன்னேனா? நீக்கியது ஐயா, ஒன்று விடாமல் நீக்கியது. எங்கே போய் விழ வேண்டும் என்பது மட்டும்தான் முடிவாகாமல் இருந்தது. உறவு சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. நம்மோடு உண்ணாத, நம்மோடு குடிக்காத, நமக்கு ஒன்றும் ஆகாத ஒருவர் சொன்னார். புகழையும் வெட்டி, பழியையும் வெட்டி, நடுவில் ஒரு மனிதரை நிமிர்த்தி நிறுத்தினார். மருத்துவர் தீஹோமீர் அவர்களே, உங்களை மன்னித்துவிட்டேன். தண்ணீர் குடிப்பதைத் தவிர.

தலைவருக்கு நன்றி, தாய்மார்களுக்கு நன்றி, பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. தங்கச்சி ருமேனா, கடைசி வரிசையில் இருக்கிறாய், தெரிகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வா, கோசுச்சுருள் செய்திருக்கிறேன். மிலோராட், நீ வராதே.

இனி அந்தத் திரையை விலக்குங்கள். ஆம், அதேதான். துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறோம். தையல் சக்கரத்தை மட்டும் மாற்றவில்லை. மேலே பழம் கொட்டியாயிற்று. மேடையில் இருக்கும் மதிப்புக்குரியவர்களே, நாற்காலிக்கு அடியில் ஆளுக்கொரு கொப்பரை மூடி இருக்கிறது, இப்போது எடுத்துக்கொள்ளலாம். மருத்துவருக்குப் பெரிய மூடியாக வைக்கச் சொன்னேன். முன்வரிசைச் செய்தியாளர்களே, உங்களுக்கு மூடி கிடையாது. நீங்கள் சம்பந்தமில்லாதவர்களாகவே இருந்து எழுத வேண்டும்.

எல்லாருக்கும் வணக்கம். யசென்கா, விசையைப் போடு.