முந்நூற்றுப் பதினேழு தாள்கள்

சாலைக் கம்போளத்துக் கடையில் வாங்குகிற சவர பிளேடு முகத்துக்கு நாலு நாள் வரும். காகிதத்துக்கு என்றால் ஒரு வருஷம் தாராளமாக வரும். ஆறு வருஷத்தில் எனக்கு ஆறே பிளேடுதான் செலவு. சிக்கனம் என் சுபாவம்.

நீங்கள் விசாரிக்க வந்தவர், ஒழுங்காகவே சொல்கிறேன். என் பெயர் வெங்கடகிருஷ்ணன். கல்லூரி லைப்ரரியில் பதினோரு வருஷமாகக் கிளார்க். இன்டர்மீடியட்டில் இங்கிலீஷ் காம்போசிஷனில் மூன்று தடவை தோற்றவன். தோற்றவனுக்குத்தானே தெரியும், கட்டுரை எழுத உட்காருகிற பிள்ளைகளின் தவிப்பு. எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம் என்று முழித்துக்கொண்டு வருவார்கள். அலமாரியைக் காட்டுவேன். எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை கிடையாது. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ. எனக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது.

அதனால் ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். புரொபசர்கள் வருஷா வருஷம் அதே தலைப்புகளைத்தான் கொடுப்பார்கள். எந்தப் பக்கம் எந்த மாதத்தில் வேண்டியிருக்கும் என்று எனக்கு மனப்பாடம். அந்தத் தாள்களை மட்டும் பைண்டிங் ஓரமாகக் கீறி, ஆரியசாலையில் என் வீட்டு டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தினேன். லைப்ரரியில் கரையான் உண்டு. என் வீட்டில் கிடையாது.

அதற்கப்புறம் பிள்ளைகள் என்னைத் தேடி வந்தார்கள். முதலில் வந்தவன் நாஞ்சில் நாட்டுப் பையன் பகவதிப்பெருமாள்.

"ஸாரே, அந்த அத்தியாயத்தையே காணல்ல. நாளைக்கழிச்சு கட்டுரை கொடுக்கணும். ஸார்தான் சகாயிக்கணும்" என்று கும்பிட்டான்.

வீட்டுக்கு வரச் சொல்லி, தாளைக் கையில் வைத்துக்கொண்டு நானே வாசித்துச் சொன்னேன். அவன் தரையில் உட்கார்ந்து எழுதினான். தாள் எங்கிருந்து வந்தது என்று அவனும் கேட்கவில்லை, பின்னால் வந்தவர்களும் கேட்கவில்லை. ஒரு சக்கரக் காசுகூட வாங்கவில்லை, யாரிடமும் வாங்கியதில்லை. மூன்றாம் வருஷம் சாயங்காலமானால் வீட்டில் பதினைந்து பேர் இருப்பார்கள். என் சம்சாரம் அம்மிணி காபி போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தாள். ஒரு புரொபசரே குடையில் முகத்தை மறைத்துக்கொண்டு வந்து, ஒரு பிரசங்கத்துக்காக இரண்டு தாள் கேட்டு எழுதிப் போனார். மூன்று தடவை தோற்ற என் இங்கிலீஷுக்கு அந்த வருஷம் எல்லாக் கட்டுரையிலும் முதல் வகுப்பு. உலகச் சண்டை வந்தபின் சீமையிலிருந்து புத்தகக் கப்பலும் நின்றுபோயிற்று. பிள்ளைகளுக்கு என்னை விட்டால் வேறு கதியில்லை.

செல்லபாய் மட்டும் வரவில்லை. பாறசாலைப் பக்கத்து மிஷன் சபை உபதேசியார் ராஜையனின் மகள். ஸ்காலர்ஷிப்பில் படிக்கிறவள். அவளுக்கும் அதே தாள்கள் வேண்டியிருந்தன. என்னிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஊரில் ஒரு கிழட்டுப் பாதிரியார் வீட்டில் அதே புத்தகங்கள் இருந்தனவாம். லீவுக்குப் போகும்போதெல்லாம் காணாமல்போன பக்கங்களைக் கையால் எழுதிக்கொண்டு வந்து, லைப்ரரிப் புத்தகத்தில் அந்தந்த இடத்தில் பசை வைத்து ஒட்டியிருக்கிறாள். தனக்காக அல்ல, எல்லாரும் வாசிக்கட்டும் என்றுதான். முத்து முத்தான கையெழுத்து.

ஒரு வாரம் என் வீட்டுக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. "என்ன, இன்னிக்கும் யாரையும் காணோம்?" என்று அம்மிணி கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவள் ஒட்டிய புத்தகங்களில் மூன்றை எடுத்துப்போய் பிரின்ஸிபல் மேஜைமேல் வைத்தேன். வாய் திறந்து யாரையும் குற்றம் சொல்லவில்லை. கமிட்டி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, இது யார் கையெழுத்து என்று. செல்லபாயுடையது என்றேன். உண்மைதானே. வெட்டி எடுத்தவளைத் தவிர, அந்தப் பக்கங்களில் எழுதியிருந்தது வேறு யாருக்குத் தெரியும் என்று அவர்களே யோசித்துக்கொண்டார்கள். பாதிரியாரைக் கேளுங்கள் என்றாள். அவரோ அந்த மாதம்தான் கர்த்தரிடம் போயிருந்தார். ஸ்காலர்ஷிப் போயிற்று, ஒரு வாரத்தில் ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாளே அவள் என் வீட்டுக்கு வந்தாள். முதல் தடவையாக.

"ஸாரே, அப்பாவுக்கு ஒரு காகிதம் எழுதித் தரணும். அப்பாவுக்குத் தமிழ் மட்டுந்தான் வாசிக்கத் தெரியும். நான் படிச்சது மலையாளமும் இங்கிலீஷும். தமிழ் பேசுவேன், எழுத்து தெரியாது. இங்க எனக்குத் தெரிஞ்ச தமிழாள் ஸார்தான்."

"என்ன எழுதணும்?"

"நான் ஒரு தாளும் வெட்டல்லேன்னு எழுதணும். ஊரு என்ன சொன்னாலும் அப்பா என்னை விசுவசிச்சாப் போதும்."

எழுதினேன். ஆனால் பாருங்கள், வெட்டவில்லை என்று எழுதினால் அந்த மனுஷர் சும்மா இருப்பாரா? புறப்பட்டு வருவார், ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவார். வயதான காலத்தில் எதற்கு அலைச்சல்? 'தாள்களை எடுத்தது நான்தான், மன்னிக்க வேண்டும் அப்பா' என்று எழுதி, அவள் சொன்னபடியே வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மலையாளத்தில் கையெழுத்துப் போட்டாள். "ஸார் செய்த உபகாரத்தை மறக்கமாட்டேன்" என்றாள். அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. உதவி என்று வந்தவர் யாரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை.

நாலாம் நாள் பதில் கார்டு வந்தது. அதையும் என்னிடம்தானே வாசிக்கக் கொண்டுவர வேண்டும். வாசித்தேன்: 'மன்னிப்புக் கேட்டு நீ எழுதின காகிதம் கிடைத்தது. களவு செய்ததை நீயே ஒத்துக்கொண்ட பிறகு எனக்கு மகள் இல்லை. இந்த ஊருக்கு வரவேண்டாம். ராஜையன்.'

அவள் அழவில்லை. "நான் மன்னிப்புக் கேக்கல்லியே, ஸாரே" என்றாள். அவள் பார்வை மூலையிலிருந்த டிரங்குப் பெட்டிக்குப் போயிற்று. பிறகு கார்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். நேரே பிரின்ஸிபலிடம்தான் போயிருக்கிறாள். அப்புறம் நீங்கள் வந்தீர்கள், பெட்டியைத் திறந்தீர்கள், முந்நூற்றுப் பதினேழு தாள்களையும் எண்ணினீர்கள். ஒன்றுகூடக் கசங்கியிருக்காது.

'எல்லாம் சரியாகிவிடும், வீட்டுக்கு வா' என்று கார்டை மாற்றி வாசித்திருந்தால் மாட்டியிருக்க மாட்டாயே என்று கேட்கிறீர்கள். அம்மிணியும் தலையில் அடித்துக்கொண்டு அதையேதான் கேட்டாள். வாசித்திருக்கலாம்தான். ஆனால் பதினோரு வருஷம் புத்தகங்களோடு வாழ்ந்தவன் நான். ஒருத்தர் எழுதியதில் இன்னொருத்தர் கைவைப்பது எனக்கு அறவே பிடிக்காது.